அமர்ந்து ஆற்றிய அருந்தொண்டு

விருதுநகரிலிருந்து சாத்தூரை நோக்கிச் செல்வோர் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம் பரந்து கிடப்பதைக் காண்பர். மழை பொய்த்த ஆண்டில் அந்நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் விளையும் அக்காட்டினிடையே பனைகள் நெடிதுயர்ந்து நிற்கும். மேற்கே மலையடிவாரத்தில், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கங்களில், தென்னந்தோப்புகள் செழித்திருக்கும். வானம் பார்த்த பூமி ஆதலின் இந்நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. சிவகாசியைச் சூழ்ந்த ஊர்களில் பட்டாசு ஆலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு அளிக்கின்றன.

பனையும் தென்னையும் ஏறுவோர், கிணறு வெட்டுவோர், வெடிமருந்து கையாள்வோர் ஆகிய இவர்கள் எல்லோரும் நாள்தோறும் ஆபத்தின் அருகில் நின்று உழைப்பவர்கள். ஒருநாள் மரத்தில் கால் வழுக்குகிறது. கிணற்றில் மண் சரிகிறது. ஆலையில் மருந்து வெடித்துச் சுவர் இடிகிறது. உயிர் பிழைத்தவர்களுள் சிலருக்குக் காலில் காயமே இல்லை, எலும்பும் முறியவில்லை. ஆயினும் கால்கள் அசைய மறுக்கின்றன. கிள்ளினாலும் உணர்ச்சி இல்லை. இஃது எவ்வாறு?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. வளையம் வளையமாக அடுக்கப்பட்ட பல எலும்புகளின் கோவை. அக்கோவையின் உட்புழையில் சுண்டுவிரல் பருமனே உள்ள நரம்புத் தொகுதி ஒன்று மூளையிலிருந்து கீழ்நோக்கிச் செல்கிறது. அதனைத் தண்டுவடம் என்பர். காலை அசை என்று மூளை இடும் ஆணையும், காலில் முள் தைத்தது என்று கால் விடுக்கும் செய்தியும் அவ்வழியேதான் சென்று வருகின்றன. எலும்பு முறிந்து அவ்வடம் நசுங்கினால் செய்திப் போக்குவரத்து அற்றுப் போகும். முறிந்த எலும்பு கூடும். அறுந்த தண்டுவடமோ மீண்டும் கூடுவதில்லை.

இத்தகைய நிலையில், 28 வயதில், ஓர் இளம்பெண் படுக்கையில் கிடந்தார். அவர் மருத்துவர். தமக்கு நேர்ந்தது இன்னதென்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர்தாம் வேலூரில் பணி புரிந்து புகழ் பெற்ற மேரி வர்கீஸ் அம்மையார்.

அம்மையார் 1925-ஆம் ஆண்டு கொச்சியை அடுத்த செராயி என்னும் ஊரில் பிறந்தார். ஒருபுறம் அரபிக்கடலும் மறுபுறம் காயலும் சூழ்ந்த பசுமையான ஊர் அது. சிரியன் கிறித்தவ மரபைச் சேர்ந்த பெற்றோர் தம் பிள்ளைகளுக்குக் கல்வியும் இறைப்பற்றும் குறைவற ஊட்டினர். மேரி மருத்துவம் பயில விரும்பினார். அந்நாளில் பெண்கள் மருத்துவம் கற்க நாடிச் சென்ற இடங்களுள் தலையாயது வேலூர்.

வேலூர்க் கிறித்தவ மருத்துவமனையின் வரலாறு ஒரு பெண்மணியின் தொண்டிலிருந்து தொடங்குவது. அமெரிக்க மருத்துவரான ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையுடன் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்றையும் நிறுவினார். பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது. அக்கல்லூரியில் சேர்ந்து மேரி மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றபின் அங்கேயே பணியில் அமர்ந்தார். தாய்மாருக்குத் துணை நிற்கும் மகப்பேற்று மருத்துவத்தில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவர் அவா. அதற்குரிய பயிற்சியும் நடந்து வந்தது.

1954-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள். இளம் மருத்துவர்கள் சிலர் விடுமுறை நாளை இன்பமாகக் கழிக்க எண்ணி ஒரு வண்டியில் புறப்பட்டனர். மேரியும் அவர்களுடன் சென்றார். வழியில் வண்டி நிலைதவறிக் கவிழ்ந்தது. சென்றவர்களுள் மேரிக்கு நேர்ந்த தீங்கே பெரிது. முகம் சிதைந்தது. முதுகெலும்பு முறிந்து தண்டுவடமும் கெட்டது. அன்று காலை தம் கால்களால் நடந்து சென்று வண்டியில் ஏறிய மேரி, அதன்பின் அக்கால்களால் நடக்கவே இல்லை.

உயிர் பிழைப்பதே அரிதாக இருந்த நாள்கள் சில கழிந்தன. பிறகு உணர்வு தெளிந்தது. உணர்வு தெளிந்ததும்தான் துன்பம் முழு உருவில் வந்து நின்றது எனலாம். மற்ற நோயாளிகளுக்கு, நாளை சரியாகும், அடுத்த திங்களில் எழுந்து நடக்கலாம் என்று உற்றார் ஆறுதல் கூறுவதுண்டு. அவ்வாறுதல் பொய்யே ஆயினும் சில நாள்களுக்கேனும் உள்ளத்தைத் தாங்கும். மருத்துவராகிய மேரிக்கு அந்தச் சிறு துணையும் கிட்டவில்லை. கால்கள் அசையவில்லை, உணர்ச்சி இல்லை, திங்கள்கள் கழிந்தும் மாற்றமில்லை என்றால் அதன் பொருள் யாது என்பதை அவர் நூல்களில் கற்றிருந்தார், நோயாளிகளிடத்தும் கண்டிருந்தார்.

உள்ளம் சோர்ந்தது. எதற்காகப் பிழைத்தோம் என்ற எண்ணமும் எழுந்தது. இதனை மறைத்து, அம்மையார் முதல் நாளிலிருந்தே முகமலர்ச்சியுடன் இருந்தார் என்று எழுதுவது எளிது, ஆனால் உண்மையாகாது. அவருடைய மகிழ்ச்சி பிறவியிலேயே வந்து சேர்ந்த செல்வமும் அன்று. உழவர் கரிசலைக் கிளறி விதைப்பது போல, அவர் பாடுபட்டு விளைவித்தது அது. அந்தப் பாடு எத்தகையது என்பதை அறிய, அந்நோயாளர் படுக்கும் படுக்கையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

நலமுடைய ஒருவர் உறங்கும்போது தம்மை அறியாமலே புரண்டு புரண்டு படுக்கிறார். ஒரே பக்கம் அழுந்தினால் அவ்விடம் வலிக்கிறது. வலி அவரைப் புரட்டுகிறது. உணர்ச்சி இழந்த உடலுக்கு அவ்வலி இல்லை. ஆகையால் புரளுதலும் இல்லை. எலும்பு துருத்திய இடங்களில் தோல் அழுந்தி, குருதியோட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே புண் உண்டாகத் தொடங்கும். இதற்குப் படுக்கைப்புண் என்று பெயர். கவனியாது விட்டால் அது எலும்பு வரை அரித்துச் செல்லும். சிறுநீரை அடக்கவும் கழிக்கவும் வேண்டிய ஆற்றலும் இல்லாமற் போவதால் சிறுநீரகத்தில் நச்சுக் கிருமிகள் சேரும். முதல் உலகப்போரில் தண்டுவடம் முறிந்த வீரர்களுள் பெரும்பாலோர் முறிவினால் மாளவில்லை, இவ்விரண்டினாலேயே மாண்டனர்.

இரண்டாம் உலகப்போரின்போதுதான் இந்நிலை மாறத் தொடங்கியது. 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில் குட்மன் என்னும் மருத்துவர் இத்தகைய வீரர்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்று அவர் விதித்தார். நள்ளிரவில் தாமே எழுந்து வந்து, புரட்டினார்களா என்று பார்ப்பவர் அவர். சாவுக்குக் காத்திருந்த அவ்வீரர்களுக்கு விற்பயிற்சி அளித்து, 1948-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்தே போட்டியிடவும் செய்தார். இன்று உலக நாடுகள் கூடி நடத்தும் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு அதுவே வித்து.

மேரி படுக்கையில் கிடந்த 1954-ஆம் ஆண்டில் இப்புது மருத்துவ முறை நம் நாட்டில் அரும்பும் நிலையிலேயே இருந்தது. ஆயினும் உடன்பணி செய்தோர் அவரைக் கண்ணின் இமைபோல் காத்தனர். முகத்தின் சிதைவைச் சீர்செய்யவும், முதுகெலும்பை உறுதிப்படுத்தவும் அறுவை மருத்துவம் வேண்டியிருந்தது. உணர்ச்சியற்ற கால்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுக்கும் இசிவும் அவரைப் பெரிதும் வருத்தியது. திங்கள் பல சென்றபின்னரே அவரால் நிமிர்ந்து உட்கார முடிந்தது. உட்காருதல் என்பது நமக்கு ஒரு செயலாகவே தோன்றாது. இடுப்புக்குக் கீழே தம் உடல் இருப்பதையே உணராத ஒருவர் சாயாமல் உட்காருவது, கயிற்றின்மேல் நிற்பதற்கு ஒப்பானது. கைகளை ஊன்றிப் பழகி, பிறகு ஒரு கையை எடுத்துப் பழகி, அதன்பின் இரு கைகளையும் எடுத்துப் பழகவேண்டும்.

கைகள்! கால்கள் போயின, கைகள் போகவில்லை. இவ்வெளிய உண்மையை எடுத்துக்காட்டி மேரிக்கு வழி திறந்தவர் பால் பிராண்ட் என்னும் மருத்துவர்.

பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டு நம் நாட்டில் பிறந்தவர். கிறித்தவத் தொண்டர்களான பெற்றோருடன் இளமையைக் கொல்லிமலையில் கழித்து, இலண்டனில் மருத்துவம் கற்று, 1946-இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளரின் கைகளைக் கண்டு அவர் உள்ளம் உருகியது. தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. நரம்பு கெட்டதும் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் பருந்தின் உகிர்கள் போல மடங்கி விறைத்துக் கொள்கின்றன. அக்கையால் ஒரு குவளையைப் பற்ற முடியாது. ஒரு பிடி சோறு எடுக்க முடியாது. நோய் தீர்ந்த பின்னும் கை திருந்தாது. எனவே நோய் தீர்ந்தவரும் பிச்சை எடுத்தே பிழைக்க வேண்டியிருந்தது.

முன்கையில் உள்ள சில தசைகளை இந்நோய் தாக்காமல் விட்டுவிடுகிறது என்பதை பிராண்ட் ஆராய்ந்து கண்டார். அத்தசைகளுள் ஒன்றை இடம் மாற்றி விரல்களோடு இணைத்தால் விரல்கள் மீண்டும் நிமிருமன்றோ? இணைப்பதற்கு நாண் வேண்டும். நம் காலில், கெண்டைத்தசையின் பக்கத்தில், நீண்டு மெலிந்த தசைநாண் ஒன்று உண்டு. அஃது இல்லாவிடினும் நடைக்குக் குறைவில்லை. அந்நாணைக் காலிலிருந்து எடுத்து, நான்காகப் பிரித்து, நான்கு விரல்களிலும் பொருத்தும் அறுவை முறையை அவர் வகுத்தார். இவ்வாறு காலின் நாண் கைக்கு உயிர் அளித்தது.

இத்தகைய கை அறுவையை மருத்துவர் அமர்ந்துகொண்டே செய்யலாம். அமர்ந்து செய்வதே வழக்கமும் ஆகும். நுண்ணிய வேலை ஆதலின் நிற்பதைவிட அமர்வது கைக்கு நடுக்கம் இல்லாமல் செய்கிறது. கால்களை இழந்த மேரி மகப்பேற்று அறைகளில் நின்று ஓடியாடித் தொண்டு செய்ய இயலாது. ஆனால் தொழுநோயாளரின் கையைத் தம் முன் மேசைமேல் வைத்து அறுவை செய்ய எது தடை? பிராண்ட் இவ்வாறு கூறியபோது அது வெறும் ஆறுதல் மொழியாக இல்லை. நாளைக் காலை செய்யத்தக்க வேலை ஒன்றை அவர் காட்டினார். நீண்ட நாள் நோயில் கிடப்பவருக்கு இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு நன்கு தெரியும்.

மேரிக்கு முதலில் அச்சமே மிகுந்தது. அறுவை மருத்துவத்தில் அவருக்குப் பெரிய பயிற்சி இல்லை. நெடுநேரம் நிமிர்ந்து அமர்ந்திருக்க முதுகு இடம் தருமா என்பதும் ஐயம். ஆயினும் ஒப்புக்கொண்டார். சக்கர நாற்காலியில் அறுவை அறைக்குள் சென்றார். மேசையின் உயரம் அவருக்கேற்ப அமைக்கப்பட்டது. முதலில் துணை நின்று பழகினார். பின்னர்த் தாமே கத்தியை எடுத்தார். அவருடைய விரல்கள் நுண்ணிய வேலைக்கு ஏற்ற மென்மையும் உறுதியும் வாய்ந்தவை என்பது விரைவில் புலனாயிற்று.

வெளியே திண்ணையில் தொழுநோயாளர் காத்திருப்பர். ஊராரால் ஒதுக்கப்பட்டு, உறவினரால் கைவிடப்பட்டு, இனி நமக்கு வாழ்வேது என்று தலை கவிழ்ந்திருப்பவர் அவர்கள். அவர்கள் முன்னே ஒரு சக்கர நாற்காலி வரும். அதில் வடுப்பட்ட முகத்துடனும் அசையாத கால்களுடனும் ஒரு பெண்மணி அமர்ந்திருப்பார். யாரோ ஒரு நோயாளி என்றுதான் புதியவர் எண்ணுவர். அவரே மருத்துவர் என்று அறிந்ததும் அவர்கள் நிமிர்ந்து நோக்குவர். நலமுள்ள மருத்துவர் நூறு முறை எடுத்துரைத்தாலும் உண்டாகாத நம்பிக்கை அந்த நாற்காலியைக் கண்டதும் உண்டாயிற்று. பிறர் நம்பிக்கை பெறுவதைக் கண்டு மேரியின் நம்பிக்கையும் வளர்ந்தது. அவர் முகத்தில் பழைய புன்னகை திரும்பியது இக்காலத்தில்தான்.

அறுவை முடிந்தால் வேலை முடிந்துவிடாது என்பதையும் அவர் இங்கே கற்றார். இடம் மாறிய தசைக்குப் புதுத் தொழில் தெரியாது. மணிக்கட்டை அசைத்து வந்த தசை இப்போது விரலை அசைக்க வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி தந்து, சலியாமல் திரும்பத் திரும்பச் செய்வித்து, அதற்குக் கற்பிக்க வேண்டும். பிறகு அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும். பிராண்ட் பாகாயத்தில் நவஜீவ நிலையம் என்னும் சிற்றூரை அமைத்தது இதற்காகவே. கை திருந்தியவர்கள் அங்கே குடிசைகளில் தங்கி மரவேலை முதலியவற்றைக் கற்றுக்கொண்டனர்.

தம்மைப் போன்றோருக்கு, அதாவது தண்டுவடம் முறிந்தோருக்கு, இத்தகைய நிலையம் எங்கே என்ற கேள்வி அம்மையாரின் உள்ளத்தில் எழுந்தது. சாத்தூர்ப் பக்கத்துப் பனையேறி ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் அவர் புண் ஆறுகிறது. வீட்டுக்குச் செல்லலாம் என்று சொல்கின்றனர். அவர் வீட்டு வாயிலில் இரண்டு படிகள் உள்ளன. நாற்காலி நுழையாது. தெரு மணல், சக்கரம் ஓடாது. மரம் ஏறுவதைத் தவிர வேறு தொழில் அவர் அறியார். மனைவி கூலிக்குச் சென்றுவிட்டால் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பார் இலர். மருத்துவமனை காத்துக் கொடுத்த உயிரை அந்தத் திண்ணை சில திங்களிலேயே குடித்துவிடும். இத்தனைக்கும், அவர் வாழும் வட்டாரத்திலேயே தீப்பெட்டிக் கூடு ஒட்டுதல், குச்சி அடுக்குதல் என்று உட்கார்ந்து கையால் செய்யும் தொழில்கள் வீட்டுக்கு வீடு நடக்கின்றன! கைக்குத் தொழில் உண்டு. தொழிலுக்குக் கையும் உண்டு. அவ்விரண்டையும் சேர்த்து வைக்க ஒருவர் வேண்டும்.

அதற்குரிய அறிவைத் தேடி அம்மையார் வெளிநாடு செல்லத் துணிந்தார். முதலில் ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகருக்குச் சென்றார். அங்கே தண்டுவடம் முறிந்தோர்க்கென ஒரு மருத்துவப் பிரிவு நடைபெற்று வந்தது. அங்கே அவர் மருத்துவர் அல்லர், நோயாளி. பிறர் உதவியின்றிப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், தாமே உடை உடுத்துதல், தம் உடலைத் தாமே காத்துக்கொள்ளுதல் ஆகியவற்றைச் சிறுபிள்ளை நடை பழகுவது போலப் பழகினார். வேலூரில் அன்பு மிக்க தோழியர் அவருக்கு எல்லாம் செய்து கொடுத்தனர். பெர்த்திலோ, முடிந்ததை நீயே செய் என்பதே சட்டம். அளவுக்கு மிஞ்சிய உதவி நோயாளியை மேலும் முடமாக்கும் என்பதை அவர் தம் தோள்வலியாலேயே உணர்ந்திருப்பார்.

பின்னர் அவர் நியூயார்க் நகருக்குச் சென்றார். அங்கே ஹோவர்டு ரஸ்க் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற விமானப் படையினருக்கு மருத்துவம் செய்தபோது அவர் ஓர் உண்மையைக் கண்டார். நோய் வராமல் தடுப்பது மருத்துவத்தின் முதற்படி. வந்த நோயைத் தீர்ப்பது இரண்டாம் படி. காய்ச்சலும் வலியும் நீங்கியபின், எஞ்சிய ஆற்றலைக் கொண்டு வாழவும் உழைக்கவும் நோயாளியைப் பழக்குவது மூன்றாம் படி. அப்படி ஏறாதவரை மருத்துவர் பணி முடிந்ததாகாது என்பது அவர் கொள்கை. அந்நிலையத்தில் அம்மையார் சக்கர நாற்காலியில் இருந்தவாறே உயர்கல்வி பயின்றார். படிகளும் பனியும் நிறைந்த அப்பெருநகரில், உற்றார் எவரும் அருகில் இன்றி, பிற மருத்துவர்களுக்குச் சமமாக வேலையும் செய்து தேர்வும் எழுதித் தேறினார். அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் அதனை விரும்பவில்லை.

1963-ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறை தொடங்கப்பெற்றது. அம்மையார் அதன் தலைவரானார். நம் நாட்டில் இத்துறை அன்று இளம்பயிர். அவ்வாண்டிலேயே டாரதி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் அம்மையாரின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார். புகழ் பரவியது. ஆனால் புகழைக் கொண்டு படுக்கை வாங்க முடியாதன்றோ? பெரிய மருத்துவமனையில் அறுவைக்கும் காய்ச்சலுக்கும் வந்தோர் கூட்டம் நெருக்கிக் கொண்டிருந்தது. அவர்கள் சில நாளில் எழுந்து செல்வர். தண்டுவடம் முறிந்தவரோ திங்கள்கணக்கில் தங்க வேண்டும். ஆகவே தனி இடம் தேவை என்று அம்மையார் முயன்றார். 1966-இல் பாகாயத்தில், குன்றின் அடிவாரத்தில், மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

அந்நிலையத்தின் நடைமுறை சிறிது வேறுபட்டது. அங்கே வாயிலில் படிகள் இல்லை. சரிவான தரையே உண்டு. நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவரும் தங்கவேண்டும். புண்ணை எவ்வாறு தடுப்பது, உடலை எவ்வாறு புரட்டுவது, சிறுநீர் எவ்வாறு கழிப்பது என்பனவற்றை மனைவியோ தாயோ தமையனோ கற்றுக்கொள்வர். கற்றோர் அதனை ஊருக்குக் கொண்டு செல்வர். காலைப் பொழுதில் பாயின்மேல் கைகளுக்குப் பயிற்சி நடக்கும். நாற்காலியைத் தள்ளவும், ஊன்றுகோலைப் பற்றவும், உடற்பாரத்தைத் தாங்கவும் இனிக் கைகளே வேண்டும் ஆதலின், கைகளை முதலில் வலுவாக்குவர். பிறகு கால்களுக்கு இரும்புத் தாங்கிகளைப் பூட்டி, இணையாக நாட்டிய இரு கம்பிகளினிடையே நிற்க வைப்பர். மரத்திலிருந்து விழுந்த நாள் முதல் பிறர் முகங்களை அண்ணாந்தே பார்த்து வந்த ஒருவர், அன்று முதன்முறையாக அம்முகங்களை நேருக்கு நேர் பார்ப்பார்.

அருகிலேயே பட்டறை ஒன்றில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய சிறுவர்களுக்கான தாங்கிகளும், கால் இழந்தவர்களுக்கான செயற்கைக் கால்களும் உருவாகும். அக்காலத்தில் இளம்பிள்ளை வாதம் ஆயிரமாயிரம் குழந்தைகளின் கால்களைக் கொள்ளை கொண்டது. சொட்டு மருந்து ஊர்தோறும் பரவியபின், 2014-இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. அம்மையார் அந்நாளைக் காணவில்லை. அவர் கண்டது, அம்மாவின் இடுப்பில் ஏறி வந்த குழந்தை தாங்கி பூட்டிக்கொண்டு தரையில் நின்ற நாள்களை.

இத்தனை பணிகளுக்கிடையிலும் அவர் உடலின் தொல்லை ஒருநாளும் ஓயவில்லை என்பதை மறத்தல் கூடாது. பிறருக்கு விதித்த விதிகள் அவருக்கும் உரியவை. நேரம் பார்த்து உடலைத் தூக்கி அமரவேண்டும். தோலை நாள்தோறும் ஆராய வேண்டும். சிறு சிவப்பு தோன்றினாலும் வேலையை நிறுத்திக் குப்புறப் படுக்கவேண்டும். கால்கள் திரும்பி வரும் என்று அவர் காத்திருக்கவில்லை. அவர் காத்திருந்தது நோயாளிகளின் சிறு வெற்றிகளுக்காக. நேற்று முழங்கையை ஊன்றியவர் இன்று உள்ளங்கையை ஊன்றினார் என்றால், நிலையத்தில் அது விழா. நோயாளியின் அருகில் நாற்காலியை நிறுத்தி, கண்ணோடு கண் பார்த்து அவர் பேசுவதற்கு ஒரு தனி வலிமை இருந்தது. உம்முடைய துன்பம் எனக்குத் தெரியும் என்று எந்த மருத்துவரும் கூறலாம். அதனைக் கூறாமலே உணர்த்த அவரால் முடிந்தது. இனி முடியாது என்று கூறிச் சோம்பி இருப்பவரும் அவர் முன்னே அச்சொல்லை எடுக்கக் கூசுவர்.

1972-ஆம் ஆண்டு இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துப் பெருமை செய்தது. 32 ஆண்டுகளுக்கு மேல் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து, 1986-ஆம் ஆண்டு அவர் இயற்கை எய்தினார். பாகாயத்து நிலையம் பின்னர் அவர் பெயரையே தாங்கியது. இன்றும் மரத்திலிருந்து விழுந்தோரும், கிணற்றில் விழுந்தோரும், சாலையில் அடிபட்டோரும் அங்கே வருகின்றனர். பாயின்மேல் கைகளை ஊன்றி, பல்லைக் கடித்து, உடலை ஒரு சாண் உயரம் தூக்குகின்றனர். பக்கத்துப் பாயில் இருப்பவர் எத்தனை முறை என்று எண்ணிச் சொல்கிறார்.